கொடுத்துவிட்டுப் போகாதவர்

கொடுக்காதவர்களைப் பற்றி உலகம் வேண்டிய மட்டும் பேசித் தீர்த்துவிட்டது. கஞ்சன், கருமி, கையை மூடியவன் என்று அவர்களுக்கு எத்தனை பட்டங்கள்! கொடுத்தவர்களைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. கொடுத்தவரைக் குறை சொன்னால் நாக்கில் புண் வரும் என்று பயமோ என்னவோ. அந்தக் கொடுத்தவர்களுக்குள் ஒரு தனி இனம் உண்டு, ஐயா. கொடுப்பார், மனதாரக் கொடுப்பார், நாலு பேர் பார்க்கக் கொடுப்பார், கொடுத்த கையோடு நீங்கள் அதை எங்கே வைக்கிறீர்கள், எந்தத் துணியால் துடைக்கிறீர்கள், வந்தவர்களிடம் யார் கொடுத்தது என்று சொல்கிறீர்களா என்றெல்லாம் பார்த்தபடி பக்கத்திலேயே நிற்பார். வீட்டுக்குப் போகமாட்டார். கொடுத்துவிட்டுப் போகாதவர். அதுதான் இனத்தின் பெயர்.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி அடைந்த ஒருவரைப் பார்க்க ஆசையா? வாருங்கள், சின்னய்யாவிடம் அழைத்துப் போகிறேன்.

சின்னய்யாவுக்கு வயது எழுபத்து நாலு. அவருடைய அப்பா பெரியய்யாவாக இருந்ததால் இவர் சின்னய்யா. அப்பா காலமாகி முப்பது வருடம் ஆகியும் பதவி உயர்வு வரவில்லை. அவர்களுடையது ஆறு தலைமுறைப் பிரபு குடும்பம். முதல் தலைமுறை ஓவியம் வாங்கியது. இரண்டாவது தலைமுறை சிலை வாங்கியது. மூன்றாவது பீங்கான் வாங்கியது. நாலாவது அதையெல்லாம் வைக்க அலமாரி வாங்கியது. ஐந்தாவது தூசி தட்ட ஆள் வைத்தது. ஆறாவது தலைமுறையான சின்னய்யாவுக்கு வாங்குவதற்கு எதுவும் மிச்சமில்லை. அதனால் கொடுத்தார்.

பதினாலு வருடத்துக்கு முன்னால், மாளிகையையும் அதிலிருந்த இருநூற்றுப் பதினேழு ஓவியங்களையும் முப்பத்தொரு சிலைகளையும் எண்ணூறு சொச்சம் பீங்கான்களையும் மக்களுக்குக் கலைக்கூடமாக எழுதிக் கொடுத்தார். திறப்பு விழாவில் குரல் தழுதழுக்க, "இன்று முதல் இது என்னுடையது அல்ல, உங்களுடையது" என்றார். கைதட்டல் கூரையைத் தொட்டது. அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள், மேடையிலிருந்து இறங்கி வரும் வழியிலேயே, சுவரில் ஒரு படம் அரை விரற்கடை சாய்ந்திருப்பதைப் பார்த்து நேராக்கினார்.

அன்றைக்கு நேராக்க ஆரம்பித்தவர்தான். இன்னும் நிறுத்தவில்லை.

பத்திரத்தில் ஒரு வரி உண்டு: மாளிகையின் பின்கட்டில் இரண்டு அறைகளில் சின்னய்யாவும் அவர் மனைவியும் ஆயுள் வரை குடியிருக்கலாம். பின்கட்டுக்கும் கலைக்கூடத்துக்கும் நடுவில் ஒரு கதவு. குடிவந்த முதல் வாரமே அந்தக் கதவை மறைத்து ஒரு துணி அலமாரியைப் போட்டுவிடலாம் என்று அவர் மனைவி சொன்னார். தொலைநோக்குள்ள பெண்மணி. யார் கேட்டார்கள்?

கலைக்கூடம் பத்து மணிக்குத் திறக்கும். சின்னய்யா ஒன்பதே முக்காலுக்கு உள்ளே இருப்பார். வெயில் பட்டால் சாயம் வெளுக்கும் என்று கூடத்தின் பொறுப்பிலிருந்த காப்பாட்சியர் அம்மா மூடிவைத்த ஜன்னல்களைத் திறப்பார். 'உட்காராதீர்கள்' என்று கயிறு கட்டிய நாற்காலியில் கயிற்றைத் தாண்டி உட்காருவார். நிரம்ப நேரம் இல்லை, செருப்பின் வாரைச் சரி செய்கிற நேரம்தான். பார்வையாளர்கள் வந்ததும் எழுந்து, கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி, "பாருங்க, பாருங்க, கூச்சப்படாதீங்க" என்பார். டிக்கெட் வாங்கி வந்தவன் ஏன் கூச்சப்பட வேண்டும்? ஆனாலும் படுவான். யாராவது ஓர் ஓவியத்தின் முன்னால் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் நின்றுவிட்டால் போதும், காதருகே ஒரு குரல் கேட்கும். "இந்தப் படத்துக்குக் கீழதான் நான் நாலு வயசுல டைஃபாய்டு ஜுரத்துல பதினெட்டு நாள் படுத்திருந்தேன். சட்டம் போட்ட தச்சனுக்கு இடது கையில ஆறு விரல்." அந்த ஓவியத்தில் இருப்பது கடல். அதற்குப் பிறகு அந்த மனிதர் கண்ணுக்குக் கடல் தெரியாது; ஆறு விரல்தான் தெரியும்.

ஒரு தடவை வாசலுக்குப் புதுக் காவலர் வந்திருந்தார். ஆள் தெரியாமல், "ஐயா, டிக்கெட்?" என்று கேட்டுவிட்டார்.

"என் வீட்டுக்கு நானே டிக்கெட் வாங்கணுமா?"

"ஐயோ, வாங்க வேணாங்க ஐயா. அறுபது தாண்டினவங்களுக்கு இலவசம்."

சின்னய்யா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. உரிமையாளர் என்று விட்டிருந்தாலும் சரி, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருந்தாலும் சரி. கிழவர் என்று உள்ளே விட்டதை எப்படித் தாங்குவது?

எல்லாவற்றுக்கும் மேல் அவரிடம் ஒரு வாக்கியம் இருந்தது. "நான் தலையிடலை, சும்மா சொல்றேன்." இந்த இனத்தின் கூவல் இது. குயில் கூவினால் வசந்தம் என்பதுபோல, இந்த வாக்கியம் கேட்டால் பக்கத்தில் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். சும்மா சொன்னது போக, எழுதியும் கொடுப்பார். பொருட்களுக்கு அருகில் வைத்திருக்கும் விவரப் பலகைகளில் இந்த எழுத்து சரியில்லை, அந்த வருடம் சரியில்லை, பாட்டனாரின் பெயருக்கு முன்னால் 'மாண்புமிகு' விட்டுப்போயிருக்கிறது என்று காப்பாட்சியர் அம்மாவுக்கு அதுவரை நாற்பத்து மூன்று கடிதங்கள். அந்த அம்மா பொறுமைசாலி. எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, மேலே 'சும்மா சொன்னவை' என்று எழுதி வைத்திருந்தார்.

அந்த நாற்பத்து மூன்றில் ஒன்பது கடிதங்கள் ஒரே ஒரு ஜாடியைப் பற்றியவை.

இசைக்கூடத்தின் நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள், இடுப்பளவு உயரத்தில் நீலமும் வெள்ளையுமாக ஒரு பீங்கான் ஜாடி இருக்கிறது. அதன் வாயிலிருந்து அடிவரை ஒரு விரிசல், ஒட்டவைத்த தடத்தோடு ஓடும். பக்கத்துப் பலகையில் இப்படி எழுதியிருந்தது: 'குடும்பத்தார் கூற்றுப்படி, போர்க்காலத்தில் எதிரிப் படைவீரனின் வாள் பட்டு இந்த விரிசல் ஏற்பட்டது. குடும்பத் தலைவர் தம் உடலால் மறைத்து ஜாடியைக் காப்பாற்றினார்.' ஒன்பது கடிதங்களும் கேட்டது ஒன்றே: அந்தக் 'குடும்பத்தார் கூற்றுப்படி'யை எடுங்கள். காப்பாட்சியர் அம்மாவின் பதிலும் ஒன்றே: ஆதாரம் கொடுங்கள், எடுக்கிறேன்.

"ஆதாரமா? நான் சொல்றேனே, அது போதாதா?" என்று சின்னய்யா மனைவியிடம் பொருமுவார். மனைவி செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வார். ஜாடிப் பேச்சு வந்தால் மட்டும் அப்படி.

ஒரு மழை நாள். கூட்டமே இல்லை. இசைக்கூடத்தில் இரண்டே பேர். ஒருவர் எழுபது தாண்டிய அம்மா. கழற்றி வைக்க மறந்துபோன இஞ்சு டேப்பு கழுத்தில் தொங்கியது. இன்னொருவர் அவருடைய மருமகள், கையில் சொட்டுகிற குடையோடு. அந்த அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பலகையை எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார். சின்னய்யாவுக்கு வேறென்ன வேண்டும்?

"பாருங்க, பாருங்க, கூச்சப்படாதீங்க. போர்டுல கொஞ்சம்தான் போட்டிருக்காங்க. நடந்தது என்னன்னா, மூணு சிப்பாய்ங்க இதோ இந்தக் கதவை உடைச்சுக்கிட்டு வந்தாங்க. எங்க கொள்ளுத்தாத்தா இப்படி…" இரண்டு கைகளையும் விரித்து ஜாடியின் முன்னால் நின்றே காட்டினார். "அப்படியே குறுக்க விழுந்துட்டார். வாள் அவர் காதை உரசிக்கிட்டுப் போய் ஜாடில பட்டுச்சு. காதுல ரத்தம். ஆனா ஜாடியை விடலை."

"அடேயப்பா!" என்றாள் மருமகள்.

அந்த அம்மா நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சின்னய்யாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏங்க சின்னய்யா, அந்தச் சிப்பாய் டென்னிஸ் ஆடுவானோ?"

விரித்த கைகள் விரித்தபடியே நின்றன.

"என்னைத் தெரியலையா? இந்த ரூம்ல தூசி தட்டிக்கிட்டிருந்தவ. அன்னிக்கு நீங்க விருந்துக்கு வந்திருந்த பொண்ணுகிட்ட மட்டையைச் சுழட்டிக் காட்டினீங்க. நான் அந்தப் பக்கம் பியானோவைத் துடைச்சுக்கிட்டிருந்தேன். பெரியய்யா சத்தம் கேட்டு வந்தாரு. என் கையில துடைக்கிற துணி இருந்துச்சு. உங்க கையில இருந்த மட்டையைச் சோபாவுக்கு அடியில தள்ளிட்டீங்க. சாயங்காலத்துக்குள்ள என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

அதுதான் நடந்தது, வாசகரே. ஐம்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால், இருபத்திரண்டு வயதுச் சின்னய்யா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. அப்பாவிடம் பயம், அந்தப் பெண்ணின் எதிரில் வெட்கம். பிறகு அப்பா காலமானார். விருந்தாளிகள் விரிசலைக் காட்டிக் கேட்டார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று ஒரு சிப்பாயைச் சொன்னார். அடுத்த விருந்தில் சிப்பாய்கள் இரண்டானார்கள். அப்புறம் மூன்று. கொள்ளுத்தாத்தாவின் காதில் ரத்தம் வந்தது மாளிகையைக் கலைக்கூடமாக்கிய வருடத்தில். சொல்லிச் சொல்லி, கடைசியில் அவருக்கே அந்தச் சிப்பாயின் மீசை கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டது.

"நான் சண்டை போட வரலைங்க சின்னய்யா," என்றார் அந்த அம்மா. "வேலை போனது நல்லதுக்குத்தான். தையல் கத்துக்கிட்டேன், கடை வச்சேன், நாலு பேருக்கு வேலை கொடுக்கிறேன். ஆனா வீட்ல ஒரு கிளாஸ் கைதவறினாக்கூட, 'மாளிகை ஜாடியையே உடைச்ச கையாச்சே'ன்னு சிரிப்பாங்க. என் வீட்டுக்காரர் போறவரைக்கும் சொல்லிச் சிரிச்சார். நான் இல்லைன்னு சொன்னா யாரு நம்பினா? இவளும் நம்பலை. அதான் கூட்டிக்கிட்டு வந்தேன். நீங்களே இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்."

ஒரு வார்த்தை. கடல் படத்துக்குச் சட்டம் போட்ட தச்சனின் விரலை நினைவில் வைத்திருக்கும் மனிதர், எழுபது வருடத்துக்கு முந்தைய ஜுரத்தை நாள் எண்ணிச் சொல்லும் மனிதர், இப்போதுதான் விரித்த கைகளை இறக்கினார்.

"எனக்குச் சரியா… ஞாபகம் இல்லையேம்மா."

அந்த அம்மா கோபப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். "சரிங்க. ஞாபகம் வந்தா சொல்லுங்க. சந்தைத் தெரு மூலையில தையல் கடை." இருவரும் நடந்தார்கள். வாசல் பக்கம் குடையை விரித்துக்கொண்டே மருமகள் மெதுவாகச் சொன்னது மழைச் சத்தத்தையும் மீறிச் சின்னய்யாவின் காதில் விழுந்தது.

"விடுங்க அத்தை. அவரு எவ்வளவு பெரிய மனுஷர். மாளிகையையே சும்மா கொடுத்தவரு. அவரா பொய் சொல்லப் போறாரு?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். நம்பிவிட்டாளே!

நடுக்கதவைத் திறந்துகொண்டு பின்கட்டுக்கு வந்தார். மனைவி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"தூசி தட்டின பொண்ணு வந்திருந்தா," என்றார் சின்னய்யா.

செய்தித்தாள் உயர்ந்தது.

"உனக்கு ஞாபகம் இருக்கா?"

செய்தித்தாள் மெல்ல மடங்கி மேசைக்கு வந்தது. "என்னங்க கேள்வி இது? நீங்க மட்டையைச் சுழட்டிக் காட்டினது யாருகிட்ட? என்கிட்டதானே. எதிர்ல நின்னவ நான். அப்பவே சொல்லியிருக்கணும். கல்யாணம் நின்னுபோயிடுமோன்னு பயந்துக்கிட்டு வாயை மூடிட்டேன். அப்புறம் நீங்க சிப்பாயைக் கூட்டிக்கிட்டு வந்தீங்க. சிப்பாய் வந்தப்புறம் நான் எங்க பேசறது?"

மறுநாள் காலை, கலைக்கூடம் திறந்து பதினாலு வருடத்தில் முதல் தடவையாக, ஒன்பதே முக்காலுக்குச் சின்னய்யா உள்ளே இல்லை. மனைவியோடு சந்தைத் தெருவில் நடந்துகொண்டிருந்தார்.

தையல் கடை சின்னது. நாலு இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்த இரண்டு பெண்கள் பெஞ்சில் காத்திருந்தார்கள். மருமகள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை பேர் இருப்பார்கள் என்று சின்னய்யா நினைத்துப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

"எங்க குடும்பம் இந்த ஊர்ல ஆறு தலைமுறையா…"

"சுருக்கமா சொல்லுங்க சின்னய்யா," என்றார் அந்த அம்மா, ஊசித் துளையை வெளிச்சத்தில் பிடித்தபடி. "நூல் கோக்கணும்."

சின்னய்யா மருமகளைப் பார்த்துத் திரும்பினார்.

"நான்தான் உடைச்சேன். மட்டை பட்டு உடைஞ்சுது. உங்க அத்தை அதைத் தொடவே இல்லை. பழி அவங்க மேல போறது தெரிஞ்சும் சும்மா நின்னேன். நேத்து ஞாபகம் இல்லைன்னு சொன்னதும் பொய்தான். மன்னிச்சுக்கணும்."

"நானும் பார்த்துக்கிட்டு நின்னேன்," என்றார் மனைவி. "என்னையும் சேர்த்துத்தான்."

இயந்திரங்கள் நின்றுவிட்டன. மருமகளின் கை இஸ்திரிப் பெட்டியை விட்டது. "அப்ப நீங்க சொன்னதெல்லாம் நிஜமா, அத்தை?"

"பெட்டியை எடுடி முதல்ல. துணி கருகுது," என்றார் அந்த அம்மா. பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் இயந்திரத்தை மிதிக்க ஆரம்பித்தார். கடகடவென்று நெடுநேரம் ஓட்டினார். ஊசிக்குக் கீழே துணியே இல்லை என்பதைச் சின்னய்யாவின் மனைவி மட்டும் பார்த்தார்.

திரும்புகிற வழியில் சின்னய்யா நேரே காப்பாட்சியர் அம்மாவின் அறைக்குப் போனார். ஜாடியின் பலகையை மாற்ற வேண்டும் என்றார்.

காப்பாட்சியர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, எத்தனை தடவை சொல்றது? ஆதாரம் இல்லாம நான் எதையும் எழுத முடியாது."

"உடைச்சது நான். ஆதாரம் உங்க எதிர்ல நிக்குது," என்றார் சின்னய்யா. "சாட்சி வெளியில நிக்கறா."

காப்பாட்சியர் அம்மா அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தாமே எழுந்து நின்றார். பதினாலு வருடத்தில் அதுவும் முதல் தடவை. ஒரு வாரத்தில் புதுப் பலகை வந்தது: 'இந்த விரிசல் டென்னிஸ் மட்டை பட்டு ஏற்பட்டது. அடித்தவர் இக்குடும்பத்தின் வாரிசு. இதற்காக வேலையிலிருந்து அனுப்பப்பட்ட பணிப்பெண் ஜாடியைத் தொடவே இல்லை.' தையல்கார அம்மா மருமகளோடும் கடை ஆட்கள் நாலு பேரோடும் வந்து, பலகையை எழுத்து எழுத்தாகப் படித்தார். கடைசி வரியை இரண்டு தடவை.

இத்தோடு கதையை நிறுத்தினால் எவ்வளவு அழகாக இருக்கும்! மனிதர் திருந்தினார், எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள் என்று முடித்துவிடலாம். ஆனால் நாம் பார்த்துக்கொண்டிருப்பது எந்த இனத்தை? மறந்துவிட்டீர்களா?

ஊர் முழுக்கச் செய்தி பரவி, அந்த ஜாடியைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. சிப்பாய் இருந்தவரை திரும்பிப் பார்க்காதவர்கள் எல்லாம் மட்டையைப் பார்க்க வந்தார்கள். கூட்டத்தின் நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில், யார்? அவரேதான். "பாருங்க, பாருங்க. நான் எதையும் மறைக்கலை. எல்லாரும் புறங்கையால அடிச்சதா நினைச்சுக்கறாங்க. இல்லை. முன்கை. இப்படி." இரண்டாவது வாரமே, 'வாரிசு' என்பதற்குப் பதிலாக 'தாமாகவே முன்வந்து உண்மையைச் சொன்ன வாரிசு' என்று போட்டால் பொருத்தமாக இருக்குமே என்று காப்பாட்சியர் அம்மாவுக்குக் கடிதம். தலையிடவில்லை. சும்மா சொன்னார்.

தையல் கடையையும் விடவில்லை. பத்து நாளில் மூன்று தடவை போனார். "வீட்ல இப்ப யாரும் கேலி பண்றதில்லையே? சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லியாச்சா? நான் அத்தனை பேர் முன்னால சொன்னதைச் சொன்னீங்களா?" என்று விசாரித்தார். முதல் தடவை அந்த அம்மா டீ வரவழைத்துக் கொடுத்தார். இரண்டாம் தடவை பெஞ்சைக் காட்டினார். மூன்றாம் தடவை கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"சின்னய்யா, மன்னிப்பு கேட்டீங்க. நான் வாங்கிக்கிட்டேன். இனி அது என்னுது. நீங்க வீட்டுக்குப் போங்க."

சின்னய்யா போனார். பாதி வழியில் நின்று யோசித்தார். முகம் சுருங்கியது; பிறகு, அவருக்கே தெரியாமல், லேசாகச் சிரிப்பும் வந்தது. பின்கட்டை அடைந்ததும் அந்த நடுக்கதவை மறைத்து அலமாரியை நகர்த்த மனைவிக்கு அவரே ஒரு கை கொடுத்தார் என்று கேள்வி. அலமாரி எந்தப் பக்கம் ஒரு விரற்கடை தள்ளி இருக்க வேண்டும் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றும் கேள்வி.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். மாளிகை கொடுத்தவரைப் பார்த்துச் சிரிக்க மாளிகை இல்லாதவருக்கு உரிமை உண்டு. ஆனால் போன வருடம் தம்பிக்குக் கொடுத்த சைக்கிளை, போகும்போதும் வரும்போதும் சங்கிலிக்கு எண்ணெய் போட்டிருக்கிறானா என்று குனிந்து பார்ப்பவர் யார்? மருமகளிடம் சமையலறையை ஒப்படைத்துவிட்டு, உப்பு டப்பா இருக்கும் தட்டை மட்டும் அடிக்கடி பார்த்து வருபவர் யார்? நண்பனுக்கு நீங்கள் சொன்ன நல்ல யோசனையை அவன் செய்தானா என்று எத்தனை தடவை கேட்டீர்கள்? அதெல்லாம் வேறு என்கிறீர்கள். சரி, வேறாகவே இருக்கட்டும். ஒன்றே ஒன்று செய்யுங்கள். இதைப் படித்து முடித்ததும், 'இது அச்சு அசலாக நம்ம பெரியப்பாதான்' என்று யாருக்காவது படிக்கக் கொடுப்பீர்கள் அல்லவா? கொடுங்கள். கொடுத்துவிட்டு, அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அந்த இடம் வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்காதீர்கள்.